கால் ஊன்றும் கட்டை

அன்பு மகனுக்கு,

இது என் கையெழுத்துத்தான். ஓர் எழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் இருப்பதைப் பார்த்து யாரோ சின்னப்பிள்ளையைக் கொண்டு எழுதுவித்தேன் என்று நினைக்காதே. எழுபது தாண்டி எழுதப் பழகினவனுக்கு இப்படித்தான் வரும். கீழ்மாடியில் இருக்கிற தமிழ் ரீச்சர் தன் சமையலறை மேசையில் வைத்து இரண்டு குளிர்காலம் எனக்குப் படிப்பித்தார். எட்டு வயதில் ஐயாவோடு கடலுக்குப் போனவன், அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு உன் அம்மா எனக்காக எல்லாவற்றையும் வாசித்தாள். அவள் போனபிறகு மேசையில் கடிதங்கள் குவிந்து கிடந்தபோதுதான் எனக்கு வெட்கம் வந்தது. இப்போது ஓர்லிகோன் பட்டணத்துத் தமிழ்க் கடைக்குள் போனால் நான் இலேசில் வெளியே வருவதில்லை. மிளகாய்த்தூள் பக்கெற்றின் பின்பக்கம் வரைக்கும் வாசிக்கிறேன். கடைக்காரத் தம்பி ஒருநாள், "என்ன ஐயா, அதில கதையே போட்டிருக்கு?" என்று கேட்டான். ஓம் தம்பி என்றேன். எனக்கு அது கதைதான். ஒரு சொல் முழுதாகப் பிடிபடும்போது வருகிற சந்தோஷத்தை இந்த வயதில் வேறு எதுவும் எனக்குத் தந்ததில்லை.

ஆனால் இந்தக் கடிதம் சந்தோஷத்துக்கு எழுதுவதல்ல. ஒரு நாளைக்குப் பத்து வரிதான் எழுத முடிகிறது. அதற்குமேல் விரல் விறைத்துவிடும், மனதும் களைத்துவிடும். ஐந்து கிழமையாக எழுதுகிறேன். இதை இரண்டு பிரதி செய்திருக்கிறேன். ஒன்று சனிக்கிழமை உன் கையில் தருவேன். மற்றது அடுத்த கிழமை நம் கோவில் பங்கின் மாத மலருக்குப் போகும். சுவாமியார் அச்சிடச் சம்மதித்துவிட்டார். வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குச் சொல்கிறீர்கள் என்று நீ கேட்பாய். ஊருக்கு முன்னால் ஒரு மனிதன் மேல் விழுந்த பழியை வீட்டுக்குள் இருந்து எடுக்க முடியாது, மகன். அதனால்தான்.

தை மாதம் நீ கட்டப்போகிற பிள்ளை முதல்தரம் வின்டர்தூர் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். நல்ல பிள்ளை. சைவ வீட்டுப் பிள்ளை என்பதால் எங்கள் வீட்டில் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று பயந்து பயந்து இருந்தாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே சிலுவையோடு இருந்த பாடுபட்ட சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, குறை நினைக்காதீங்கோ, ஆளைக் கொல்லுற சாமானை ஏன் சாப்பிடுற இடத்தில மாட்டி வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டு, "அப்பாட்டக் கேளும், அவர்தான் சிலுவை செய்யிற ஆள்" என்றாய். பகிடிக்குத்தான் சொன்னாய். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குழம்புச் சட்டியை அவள் பக்கம் தள்ளினேன். இருபது வருடம் பங்கின் திருப்பாடுகளின் நாடகத்துக்குச் சிலுவை செய்தவன் நான். பள்ளிக்கூடத்துக் கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்வார்ட்டுக்கு உதவியாளாக இருந்த காலத்தில் அந்தப் பள்ளியின் கீழறையில் இருந்த மரவேலை வாங்கில் வைத்து ஒவ்வொரு சிலுவையையும் என் கையால் சீவினேன். அது என்ன சாமான், அதில் ஆட்களை எப்படிக் கொன்றார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சுவாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் தந்தார். வாசிக்க ஏலுமோ என்று கேட்டார். ஏலும் என்று சொல்லி, நின்ற நிலையிலேயே முதலாம் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எங்கேயோ போக நேரமாகியிருந்தது, இருந்தாலும் பக்கம் முடியும்வரை நின்றார். முழுப் புத்தகத்தையும் வாசித்து முடிக்க எனக்குத் தவக்காலத்தின் பாதி போய்விட்டது. நான் வாசித்து முடித்த முதலாவது புத்தகம் அது. வேறு ஒரு புத்தகமாக இருந்திருக்கலாம்.

அதில் சொல்லியிருப்பது இதுதான். உரோமர்தான் இதைத் தொடங்கினார்கள் என்று நான் நினைத்திருந்தேன், அப்படி இல்லை. அவர்களுக்கு முன்னமே பாரசீகரும் கார்த்தேசுக்காரரும் ஆட்களை மரத்தில் ஏற்றிக் கொன்றிருக்கிறார்கள். உரோமர் அதை எடுத்து ஒரு முறையாக்கினார்கள். அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் கொள்ளையருக்கும்தான் அது. தங்கள் குடிமக்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கமாட்டார்கள். ஓர் அடிமைக் கலகத்தை அடக்கியபிறகு ஆறாயிரம் பேரை ஒரே வழி நெடுகத் தொங்கவிட்டார்களாம். வழியில் போகிறவன் பார்க்கவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். முதலில் சவுக்கால் அடிப்பார்கள். பிறகு குறுக்கு மரத்தை மட்டும் தோளில் ஏற்றுவார்கள். நிமிர்ந்த மரம் கொல்கிற இடத்திலேயே நட்டபடி நிற்கும், இன்று ஒருவனுக்கு, நாளை இன்னொருவனுக்கு. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் நாடகத்தில் வருடா வருடம் முழுச் சிலுவையையும் சுமக்க வைத்தேன், பாரம் என்று முறையிட்ட பெடியங்களிடம், ஆண்டவர் முறையிட்டாரோ என்று கேட்டு வாயை அடைத்தேன்.

உடுப்பைக் களைந்துவிடுவார்கள். சிலரைக் கயிற்றால் கட்டுவார்கள், சிலருக்கு ஆணி. யெருசலேமுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறையில் குதிக்கால் எலும்பு ஒன்று கிடைத்திருக்கிறது, ஆணி பக்கவாட்டில் ஏறி அப்படியே நிற்கிறது. மரத்தின் கணுவில் பட்டு ஆணியின் முனை வளைந்துவிட்டதால் கழற்ற முடியாமல் ஆணியோடேயே அடக்கம் செய்திருக்கலாம் என்கிறார்கள். நான் மரவேலை தெரிந்தவன். கணுவில் ஆணி வளைந்தால் அதைப் பிடுங்குவது எவ்வளவு கரைச்சல் என்று என் கைக்குத் தெரியும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை பார்த்தேன். ஆணியை அடித்தவனும் ஏதோ ஒரு வேலைக்காரன்தான், கணுவைப் பார்க்காமல் அடித்துவிட்டோமே என்று அவனும் எரிச்சல்பட்டிருப்பான் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று. முதல் நாலு நூறு வருடம் வரைக்கும் கிறிஸ்தவர்கள் ஆண்டவர் சிலுவையில் தொங்குவதைப் படமாக அநேகமாகக் கீறவேயில்லையாம். மீனைக் கீறினார்கள், நங்கூரத்தைக் கீறினார்கள், ஆட்டை, மேய்ப்பனைக் கீறினார்கள். கிடைத்த மிகப் பழைய படங்களில் ஒன்று உரோமாபுரியில் ஒரு சுவரில் பகிடிக்காக யாரோ கிறுக்கினது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் ஆள், கீழே நின்று கும்பிடுகிற இன்னோர் ஆள். கொன்ஸ்தந்தீன் பேரரசர் அந்தத் தண்டனையை நிறுத்தினார் என்று சொல்கிறார்கள். அது நின்று, அதைக் கண்ணால் கண்டவர்கள் எல்லாரும் செத்துப்போனபிறகுதான் கீறத் தொடங்கியிருக்கிறார்கள். முதலில் கண் திறந்து, நோவில்லாமல், நிமிர்ந்து நிற்கிறவராகக் கீறினார்கள். நாளாக ஆகத் தலை சரிந்தது, இரத்தம் வந்தது, நாலு ஆணி மூன்றானது. பேதுருவைத் தலைகீழாக ஏற்றினார்கள், அப்போஸ்தலர் பெலவேந்திரரைச் சரிந்த சிலுவையில் ஏற்றினார்கள் என்ற மரபுகளும் வந்தன. கண்டவர்களுக்கு அதைக் கீற மனம் வரவில்லை. காணாதவர்கள்தான் அதை அழகாக்கினார்கள். நானும் காணாதவன். மெருகு எண்ணெய் பூசிப் பளபளப்பாகச் செய்து வைத்தவன்.

கடைசியாக, கால் வைக்கிற கட்டை. படங்களில் அவருடைய காலுக்குக் கீழே சின்னதாக ஒரு பலகை இருக்கும், பார்த்திருப்பாய். பழைய உரோமரின் எழுத்துகளில் அப்படி ஒன்று சொல்லப்படவில்லையாம், பின்னால் கீறினவர்கள் வைத்ததாம். உரோமர் சில வேளை வைத்தது மரத்தின் நடுவில் ஒரு முளை, அரைவாசி குந்தி இருக்க. இரக்கத்துக்கு அல்ல. உடம்பின் பாரம் தாங்கப்பட்டால் சாக நாள் எடுக்கும், அதற்காக. சீக்கிரம் சாகவேண்டும் என்றால் காலை முறித்துவிடுவார்கள். காலை ஊன்றி உன்னித்தான் தொங்குகிறவன் மூச்சு எடுக்கிறான், ஊன்ற முடியாதவனுக்கு நெஞ்சு அடைத்துவிடும் என்று சில வைத்தியர்கள் சொல்கிறார்கள். எல்லாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. எனக்கு வைத்தியர்களின் சண்டை தேவைப்படவில்லை. ஊன்ற இடமில்லாத காலை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு பந்தியை எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க எனக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கிறவனால் எதையும் தாண்டிப் போகமுடியாது, மகன். கண் ஓடாது. ஒவ்வொன்றிலும் நின்றுதான் போகவேண்டும்.

இப்போது அந்தப் பெரிய வெள்ளிக்கு வருகிறேன். 2009. உனக்குப் பத்தொன்பது வயது, மெக்கானிக் வேலைக்கான தொழிற்பயிற்சியில் மூன்றாம் வருடம். ஆண்டவராக நடிக்க உன்னைத் தெரிந்தார்கள். உன் அம்மா ஒரு மாதம் வீட்டில் உன்னோடு சத்தம் போடாமல் இருந்தாள், ஆண்டவரை ஏசக்கூடாது என்று சொல்லி. உன் ஞானத்தகப்பன் சூசைதான் எப்போதும் போல மேடைச் சாமான்களுக்குப் பொறுப்பு. உன்னைத் தொட்டிலில் இருந்து தூக்கித் திரிந்த மனிதன். சிலுவையை நான் செய்வேன், அது ஆளைத் தாங்குமோ என்று அவர் பார்ப்பார். இடுப்புப் பட்டி, கைக்குக் கட்டுகிற துணி, காலுக்குக் கீழே கட்டை, மூன்றையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். டீட்டிகோனில் பார்சல் களஞ்சியத்தில் லொறிகளில் சுமை சரியாகக் கட்டியிருக்கோ என்று பார்ப்பதுதான் அவருடைய வேலையும். "அண்ணை, யோசேப்பு கட்டில்தான் செய்திருப்பார், சிலுவையில உங்களை வெல்ல ஆளில்லை" என்று என்னைச் சீண்டுவார்.

அந்த வருடம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். மாசி மாதத்துக்குப் பிறகு வன்னியிலிருந்து என் தங்கச்சியின் குரல் வரவில்லை. தங்கச்சியும் மனிசனும் மூன்று பிள்ளைகளும். நான் இரவு பகலாகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். நீங்கள் எல்லாரும் போரை நிறுத்தச் சொல்லிக் கொடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றீர்கள். எனக்குத் தெருவில் நின்று பிரயோசனம் இருப்பதாகத் தெரியவில்லை. நான் ஒரு நேர்த்தி வைத்தேன். என் தங்கச்சியை வெளியே கொண்டுவாரும், என் மகன் உம்மைப் போலவே, ஓர் ஊன்றுதலும் இல்லாமல் உம் சிலுவையில் தொங்குவான் என்று. உன்னிடம் கேட்கவில்லை. உன் அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் பிள்ளையின் முடியை நேருவார்கள், பிள்ளையின் எடைக்கு மெழுகுதிரி நேருவார்கள். நான் ஒரு படி மேலே போனேன். என்னிடம் இருந்ததில் பெரியது நீதான், அதைத்தான் கொடுத்தேன். கொடுத்தது என்னுடையதல்ல என்பது எனக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் சூசை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மேடைக்குப் பக்கத்து அறையில் சிலுவை சாத்தியிருந்தது. பிலாத்துவாக நடித்தவர் உணவகத்துச் சமையல்காரர். மேடையில் கை கழுவும்போது முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார், சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குள் நான் இரண்டு திருகாணியையும் கழற்றி, கட்டையை என் ஜக்கற் பைக்குள் போட்டேன். பிறகு போய் என் இடத்தில் நின்றேன். என் இடம் திரைக் கயிறு. அதை நீ மறந்திருக்கக்கூடும். திரையை இழுக்கிறவன் நான்தான்.

உன்னைக் கிடத்திக் கட்டினார்கள், சூசை பார்த்ததுதானே என்று ஒருவரும் காலடியைப் பார்க்கவில்லை, தூக்கி நிறுத்தினார்கள். பிறகு நடந்தது உனக்குத்தான் தெரியும், ஆனால் நான் எங்கிருந்து பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. பத்து அடி தூரத்தில் நின்று பார்த்தேன். உன் குதிக்கால் மரத்தில் மேலும் கீழும் தேடியதைப் பார்த்தேன். இடுப்புப் பட்டி மேலே வழுகி உன் விலாவுக்கு ஏறியதைப் பார்த்தேன். தாகம் என்று சொல்கிற இடத்தில் உன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மண்டபம் முழுக்க அழுதது. அந்த வருடம் எங்கள் சனத்துக்கு அழுவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது, நீ அந்த இடமாக இருந்தாய். கயிறு என் கையில்தான் இருந்தது. ஓர் இழுவை. திரை மூடினால் உன்னை இறக்கியிருப்பார்கள். நான் இழுக்கவில்லை. கடைசி வசனம் வரைக்கும் நேர்த்தி நிறைவேறவேண்டும் என்று நின்றேன். உன் தலை சரிந்தபோது, நல்லாய் நடிக்கிறான் என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். நீ அப்போது நடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர், தோளின் நரம்புகள் இழுபட்டுவிட்டன, வலது கை பழைய கையாக வராது என்றார். நடைபாதையில் நாடகக் குழுவினர் சூசையைச் சுற்றி நின்றார்கள். கட்டையைப் பார்த்தனீரோ என்று கேட்டார்கள். "பார்த்தன்" என்றார். திரும்பவும் கேட்டார்கள். "பார்த்தன் எண்டுதான் நினைக்கிறன்" என்றார். மூன்றாம் தரம் கேட்டபோது அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் கட்டை என் பையில் இருந்தது. கையை விட்டால் தட்டுப்படும். நீ கண் விழித்ததும், காலால் தேடினேன், அது இல்லை, அந்த மனிதனை இனி எனக்குக் காட்டவேண்டாம் என்றாய். அடுத்த நாள் அவர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நான் கதவடியில் வாங்கிக்கொண்டு, அவன் நித்திரை என்று சொன்னேன். நீ விழித்துக்கொண்டுதான் இருந்தாய். கட்டையைப் பள்ளிக்கூடத்தில் எரிக்கிற மரக்குப்பையோடு போட்டுவிட்டேன். தங்கச்சி வரவில்லை. அவர்களில் ஒருவரும் வரவில்லை.

நீ தொழிற்பயிற்சியை விட்டுவிட்டு அலுவலக வேலைக்குப் படித்தாய், நன்றாக வந்தாய். நான் அதைப் பார்த்து ஆறுதல் சொல்லிக்கொண்டேன், கெட்டதிலும் நல்லது வந்தது என்று. அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. போன மாதம் நீ வந்திருந்தபோது உன் பழைய அறைக்குள் கதிரையின் முதுகில் ஒரு நூலைச் சுற்றித் தாலி முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்ததைக் கதவு இடுக்கால் கண்டேன். வலது கை தோளுக்கு மேலே ஏறாதபடியால் இடக் கையால் முடிந்துகொண்டிருந்தாய். மூன்று முடிச்சும் விழுந்தபோது நீ உனக்குள் சிரித்தாய். நான் சத்தம் போடாமல் திரும்பிப் போனேன்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை என்றும் இல்லை. சில வருடத்துக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மன்னிப்புத் தந்துவிட்டு, போய் அந்த மனிதனிடம் சொல்லும் என்றார் சுவாமியார். முதல் பாதியை எடுத்துக்கொண்டேன், மற்றப் பாதியை விட்டுவிட்டேன். எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தாலும் எழுதுவதற்கு உன் அம்மாவைத்தான் கேட்கவேண்டும். அவளுக்குச் சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை. அவள் சாகும்வரை சூசையின் மனிசி திரேசம்மாவோடு கதைக்கவில்லை. அதுவும் என் கணக்கில்தான்.

பங்குனியில் கலியாண அழைப்புப் பட்டியலை நீ எனக்குத் தந்தாய். நான் இப்போது வாசிப்பேன் என்று பெருமையாகத் தந்தாய். மேலே இருந்து கீழே வரைக்கும் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். சூசையின் பெயர் இல்லை. கோவிலில் ஞானத்தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர். கால் முறிக்கிற பந்தியை வாசித்த அதே கிழமை அது. அடுத்த நாள் ரயில் எடுத்து டீட்டிகோனுக்குப் போனேன்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு என்னைக் கண்டதும் சூசை, "அண்ணையோ, வாங்கோ" என்றுதான் சொன்னார். முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்தார். திரேசம்மா தேத்தண்ணி வைத்தாள். நான் குடிக்காமல், கட்டையை நான்தான் கழற்றினேன் என்று சொன்னேன். நேர்த்தியைப் பற்றியும் சொன்னேன். அவர் கத்துவார், என்னை அடிப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் மறக்கேல்லையோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"கட்டை இருந்ததோ?"

"இருந்தது. நீர் இழுத்துப் பார்த்தனீர். ரெண்டு திருகாணியும் இறுக்கமாத்தான் இருந்தது."

"நான் பார்த்தனான்" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். திரும்பவும் சொன்னார். குசினிக்குள் இருந்து திரேசம்மா வந்து நின்றாள். "பதினைஞ்சு வருசமா இந்த மனிசன் அடுப்பை நிப்பாட்டினதை மூண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்க்குது, அண்ணை" என்றாள். அவள் அழவில்லை. அந்தப் பெரிய வெள்ளிக்குப் பிறகு அவர் களஞ்சியத்தில் தன் பொறுப்பைத் தானாகவே விட்டாராம். என் கண்ணை நம்ப ஏலாது, யாராவது சாகப்போகினம் என்று சொல்லி, கூட்டித் துடைக்கிற வேலையைக் கேட்டு வாங்கினாராம். கார் ஓட்டுவதை விட்டாராம். உன் பிறந்த நாளுக்கு வருடா வருடம் வாழ்த்து மடல் வாங்குவாராம், அனுப்பமாட்டாராம். நான் அவர்மேல் ஒரு பொய்ப் பழியை விட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அது மட்டுமென்றால் அவர் கோபித்துக்கொண்டாவது இருந்திருப்பார். நான் அவருடைய கண்ணையும் கையையும் அவரே நம்பாதபடி செய்துவிட்டேன். அதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்லவேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர், "இப்ப போங்கோ அண்ணை" என்றார். வாசல்வரை வந்தார். மன்னிப்பைப் பற்றி அவர் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, "அவனுக்கு எழுதிக் குடுங்கோ. வாயால வேண்டாம். வாய் உங்களுக்கு அண்டைக்கும் இருந்தது" என்றார்.

அதனால்தான் எழுதினேன், மகன். நீயும் கலியாணம் கட்டப்போகிறாய். அப்பன் என்ற உரிமையில் புத்தி சொல்ல எனக்கு இப்போது வாய் கூசுகிறது. ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். பயம் வரும் காலத்தில் உன்னுடையதைக் கொடு. உன் முழங்காலை, உன் நித்திரையை, உன் வேலையைக் கொடு. பக்கத்தில் இருப்பவளுடையதைக் கொடுக்க நினைத்தால் முதலில் அவளிடம் கேள். பிள்ளைகள் வந்தால் அவர்களிடமும் கேள். அன்பில்தானே செய்கிறோம் என்று தோன்றுகிற நேரத்தில்தான் கட்டாயம் கேட்கவேண்டும்.

நீ கட்டப்போகிற பிள்ளையின் கேள்விக்கும் இப்போது ஒரு பதில் இருக்கிறது, நீயே சொல்லிவிடு. அவள் சொன்னது சரி, அது ஆளைக் கொல்லுகிற சாமான்தான். சுவாமியார் அதற்குமேல் சொல்வதெல்லாம் உண்மை, நான் அதை நம்புகிறேன். ஆனால் என்னளவில் அதை ஏன் மாட்டி வைத்திருக்கிறேன் என்று கேட்டால், இவ்வளவு காலமும் தொங்குகிறவரை மட்டும் பார்த்தேன். இப்போது சுரூபத்தில் இல்லாத ஆளையும் பார்க்கிறேன், கீழே நின்று சாமானைக் கையில் வைத்திருக்கிறவனை. சாப்பிடும்போதும் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு நல்லது.

உன் கோபத்தை நான் எதிர்பார்க்கிறேன். அது வரவேண்டிய இடத்துக்குப் பதினைந்து வருடம் பிந்தி வருகிறது. என்னோடு கதைக்காமல் இருந்தாலும் இருப்பாய், அதையும் நான் தாங்குவேன். கலியாணத்துக்கு எங்கள் இருவரில் ஒருவர்தான் வரலாம் என்று உன் மனம் சொன்னால் சூசையைக் கூப்பிடு. நான் வீட்டில் இருந்துகொள்ளுவேன், வாசிக்க ஏதாவது இருக்கும்.

ஆனால் அழைப்பைத் தபாலில் போடாதே, தொலைபேசியும் வேண்டாம். அவர் வரமாட்டார், யாரோ தவறாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைப்பார். நீயே போ. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பார். இரண்டாம் மாடி, இடப்பக்கம். மணி வேலை செய்யாது, கதவைத் தட்டு. முழங்கால் நோவால் எழும்பி வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். தட்டிவிட்டு நில்.

அப்பா